ஏட்டையா, அது சவரக்கத்தி

ஏட்டையா, ஏட்டையா, அத அப்படிப் பிரிக்காதீங்க. அடிப்பக்கம் உங்க விரல் இருக்கு பாருங்க. மெதுவா... ஆங், அப்படியே மடக்கிருங்க. உங்க கைக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

ஆயுதமெல்லாம் இல்லைங்கய்யா. சவரக்கத்தி. சலூன்ல பாத்திருப்பீங்கள்ல, அதுக்கு அண்ணன். அதுல பிளேடு மாட்டுவாங்க, இதுல கத்தியே பிளேடு. பையக் கவுத்துக் காட்டுறேன் பாருங்க. இது பிரஷ்ஷு. இது சோப்புக் கிண்ணம். இந்தத் தோல் வாரு, கத்தி தீட்டுறதுக்கு. இது படிகாரம். ஒருத்தனக் குத்தப் போறவன் ரத்தத்த நிப்பாட்டப் படிகாரத்தையும் கையோட எடுத்துட்டுப் போவானா, நீங்களே சொல்லுங்க?

பேரு பூமிநாதன். இங்க மதுரை செல்லூர்லதான் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். சாத்தூருக்குப் போறேன், எங்கய்யாவுக்குச் சவரம் பண்ண. இல்லைங்கய்யா, ஊருக்கெல்லாம் பண்றதில்ல. எங்கய்யாவுக்கு மட்டும்தான். அட, சிரிக்காதீங்க. எஸ்.ஐ. வந்து பாக்கட்டும்ங்கிறீங்க, சரி, வரட்டும். வண்டியும் இன்னும் பிளாட்பாரத்துக்கு வரல. அதுவரைக்கும் சொல்றேன், முழுசாக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க, கத்தி உள்ள போகலாமா வேண்டாமான்னு. கத்தி போகலேன்னா நானும் போகல. அம்புட்டுத்தான்.

எல்லாத்துக்கும் காரணம் என் சகலை. எம் பொண்டாட்டி தமயந்தியோட தங்கச்சி புருசன். துபாயில வேலை. போன ஆடிக்கு வந்திருந்தாரு. எல்லாருக்கும் ஆளுக்கொரு சாமான் எடுத்துக் குடுத்தாரு. மாமியாருக்கு டார்ச் லைட்டு, பிள்ளைகளுக்குச் சாக்லேட்டு. எனக்கு ஒரு மரப்பெட்டி. தெறந்தா இந்தக் கத்தி. நல்லாத்தான் இருக்கு சகலைன்னேன். அதுக்கு அவரு சொன்ன பேச்சப் பாருங்க. "ஷோகேஸ்ல வச்சு அழகு பாருங்க சகலை. இத எடுத்துச் சவரம் பண்றதெல்லாம் உங்களால ஆகாது. இதுக்கெல்லாம் கை நிதானம் வேணும்."

யாரு முன்னாடி? என் மாமியார் முன்னாடி!

எனக்கா கை நிதானம் இல்ல? தலைமுடிய விட மெல்லிசான செம்புக் கம்பிய ஒரு சுத்து கூடாம குறையாமச் சுத்துறவன் நான். நான் கட்டுன மோட்டார் ஒண்ணு ரெண்டு திரும்பி வரும்தான். இல்லேங்கல. அதெல்லாம் கரண்டு கோளாறு. ஜனங்க என்ன சொல்லுவாங்க, பூமி அவசரக்காரன், வார்னிஷ் காயறதுக்கு முன்னாடியே மாட்டிக் குடுத்துருவான்னு. அவசரம் இல்லைங்கய்யா, சுறுசுறுப்பு. நம்ம ஊர்ல சுறுசுறுப்பா ஒருத்தன் இருந்துட்டா பொறுக்காது.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அடுத்த தடவை சகலை லீவுல வரும்போது, அவரு முன்னாடி நின்னு, இந்தக் கத்தியால, வழுவழுன்னு வழிச்சுக் காட்டணும். அவரு வாயப் பொளக்கணும்.

போன்ல வீடியோ பாத்தேன். ஒரு வெள்ளைக்காரன். அவன் பேசுறது எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா கைய மட்டும் பாத்தாப் போதும். ஒரு கையால தோல இழுத்துப் பிடிக்கணும். கத்தியச் சாய்ச்சு வைக்கணும். பக்கவாட்டுல மட்டும் நகத்தவே கூடாது, நகத்துனா கோடு போட்டுரும். ஒரு இழுப்பு இழுக்கணும், தோள்ல கிடக்கிற துண்டுல துடைக்கணும். இழுக்கணும், துடைக்கணும். அந்தத் துடைக்கிறத ஞாபகம் வச்சுக்கங்க ஏட்டையா, பின்னாடி வேணும்.

நேரா மூஞ்சியில கை வைக்க நான் என்ன கிறுக்கனா? மொதல்ல பூசணிக்காய். வெள்ளைப் பூசணி இருக்குல்ல, மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்குமே, அது. தோல்ல கீறல் விழாம அந்தச் சாம்பல மட்டும் வழிச்சு எடுக்கணும். இது வெள்ளைக்காரன் சொல்லல, நானாக் கண்டுபிடிச்சது. மொத நாளு காயிக்கு ஏகப்பட்ட வெட்டு. போகப் போகக் கை படிஞ்சுருச்சு. பச்சைப் பசேல்னு கண்ணாடி மாதிரி மொழுமொழுன்னு வழிச்சு வச்சிருவேன். தமயந்தி அதப் பாத்துட்டு, "காய்க்குக் கல்யாணமா?"ன்னுட்டுப் போவா. வீட்டுல தினம் பூசணிக்காய்க் கூட்டு, பூசணிக்காய் மோர்க்குழம்பு. பக்கத்து வீட்டுக்கும் குடுத்தோம். அவங்க கதவச் சாத்த ஆரம்பிச்சப்புறம்தான் மூஞ்சிக்கு வந்தேன்.

மூஞ்சி வேற, காய் வேறைங்கய்யா. காய் மூச்சு விடாது. தாடை வளைவுல எனக்கு வெட்டு விழாத நாளே இல்ல. வெட்டுக்கு மேல பேப்பரக் கிழிச்சு ஒட்டிக்கிட்டே கடைக்குப் போவேன். "நீங்க கடைக்குப் போறதுக்குள்ள இன்னிக்குச் செய்தியப் படிச்சுக்கிறேன், நில்லுங்க"ம்பா தமயந்தி. சொல்லட்டும். ஒரு மாசத்துல ரெண்டு கன்னமும் என் கைக்கு வந்துருச்சு. கழுத்தும் வந்துருச்சு. அம்புட்டு சந்தோசம் எனக்கு. காலையில எந்திரிக்கிறதே அதுக்குத்தான்னு ஆகிப்போச்சு.

மீசைப் பக்கம் மட்டும் நான் போகல. அப்ப என் மீசை எப்படி இருக்கும் தெரியுமா? உங்களுது மாதிரி, இதுக்கும் கொஞ்சம் மேல. கல்யாணத்துக்கு முன்னாடி வச்சது. அது கிட்டக் கத்தி போகும்போது மூச்சப் பிடிச்சுக்குவேன்.

அன்னிக்குத் திங்கக்கிழமை. மேலுதட்டு ஓரமா கத்திய வச்சிருக்கேன். கீழயிருந்து தமயந்தி கத்துறா, "ஏங்க, மோட்டார நிப்பாட்டலையா, தொட்டி நெறஞ்சு தெருவெல்லாம் தண்ணி!" ஊர் மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவன் வீட்டு மோட்டார நிப்பாட்ட மறந்துட்டேன்னு வெடுக்குனு திரும்பிட்டேன். திரும்புன மூஞ்சியோட கத்தி திரும்பல. அது நின்ன எடத்துலயே நின்னுச்சு. வாஷ்பேசின்ல பாத்தா பாதி மீசை கிடக்கு.

பாதி மீசையோட வெளிய போக முடியுமா? சரிக்கட்டுவோம்னு இந்தப் பக்கம் கொஞ்சம் எடுத்தேன். இது சிறுசாயிருச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம். அது கோணலாயிருச்சு. கடைசியில சமமாத்தான் வந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்லாம. தமயந்தி பாத்துட்டுச் சுவத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அவ தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறிப் போயிட்டா. அங்க போய்ச் சொல்லிச் சிரிக்கத்தான், வேற என்ன?

நான் கடையத் தெறந்தேன். கண்ணாடியில பாத்தேன். மோசமில்ல. ஏதோ ஆபீசர் மாதிரிக் களை வந்திருக்குன்னு பட்டுச்சு. அன்னிக்கு நடந்ததும் அத மாதிரியே இருந்துச்சு. டீக்கடை மூக்கையா என்னையப் பாத்ததும் ரேடியோவ அமத்துனாரு. வழக்கமாக் கிளாஸ ணங்குன்னு வைக்கிறவரு, ரெண்டு கையாலயும் நீட்டுனாரு. தோளத் தொட்டு, "மனசத் தளர விடாதீங்க"ன்னாரு. நான் மீசையத்தான் சொல்றாருன்னு, "அது வளந்துரும்ண்ணே"ன்னேன். ஒரு மாதிரிப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு. மோட்டார் கேட்டு ஒரு மாசமாச் சண்டை போட்டுக்கிட்டிருந்த ரைஸ்மில்காரரு வந்தாரு. என் மூஞ்சியப் பாத்தாரு. "ஒண்ணும் அவசரமில்ல பூமி, மெதுவாக் குடு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குன்னா தலகால் புரியல. அடடா, மூஞ்சியச் சுத்தமா வழிச்சா மனுசனுக்கு இம்புட்டு மரியாதையான்னு. என் வாழ்க்கையில அப்படி ஒரு நல்ல நாள் அமைஞ்சதில்ல ஏட்டையா.

என்ன, தலைய ஆட்டுறீங்க? உங்களுக்குப் புரிஞ்சுருச்சா? எனக்குப் புரியல. சாயங்காலம் வரைக்கும் புரியல.

சாயங்காலம் வீட்டுக்கு வாரேன். வாசல்ல செருப்புக் கிடக்கு. முப்பது நாப்பது செருப்பு. தெருவுல வாடகைச் சேர் போட்டிருக்கு. எங்கய்யாவுக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி, சின்னத்தாயி அத்தை, அடுத்த தெருதான், நடையில உக்காந்து தலைமுடிய அவுத்துப் போட்டு ராகம் போட்டு அழுகுது. மூக்கையா கையில ரோசாப்பூ மாலை. நான் என்னமோ ஏதோன்னு ஓடுறேன். அத்தை என்னையக் கட்டிப்பிடிச்சு, "எங்கண்ணன் போயிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லாம முடிச்சிட்டு வந்து நிக்கிறியேடா பாவி"ங்குது.

அப்பத்தான் என் மேலுதட்டுக்கே உறைச்சுது. மீசைய எடுத்தா என்ன அர்த்தம்? தகப்பன் போயிட்டாருன்னு அர்த்தம். இது எந்தப் பச்சப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் எங்கய்யாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதுன்னும் தெருவுக்கே தெரியும். அதனால ஊரு என்ன பண்ணிருச்சு, சாத்தூர்ல காரியம் ஆயிருச்சு, இவன் போய் மீசைய எடுத்துக் கொள்ளி வச்சிட்டு, கமுக்கமா வந்து கடையத் தெறந்து உக்காந்திருக்கான்னு முடிவு பண்ணிருச்சு. தலைய ஏன் மொட்டை போடலேன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அதுக்கு மூக்கையா, "அவன் அவசரக்காரன், பாதியில எந்திரிச்சு வந்திருப்பான்"னு சொல்லியிருக்காரு.

பேச்சுவார்த்தை ஏன் இல்லேன்னு கேப்பீங்க. சொல்றேன். தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி இந்த வீட்டக் கட்டிப் பால் காய்ச்சினேன். எங்கம்மா இல்ல, போயிட்டாங்க. எங்கய்யா சாத்தூர்ல என் தங்கச்சி வீட்டுல இருக்காரு. பேரு சீனிச்சாமி. அரசு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. வண்டி எடுக்கிற நேரம் தவறுனதே கிடையாதுன்னு பேரெடுத்தவரு. மொத நாளே வாங்கய்யான்னேன். விடிகாலை பஸ்ஸப் பிடிச்சு நேரத்துக்கு வந்து நிப்பேன், நானா லேட்டாவேன்னாரு. ஏழரைக்குள்ள நல்ல நேரம். ஏழே காலாச்சு. ஆளக் காணோம். போன் அடிக்கிறேன், எடுக்கல. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. நான் என்ன பண்ண? அடுப்பப் பத்த வச்சேன். பால் பொங்கிருச்சு. பத்து மணிக்கு வாராரு. கையில புதுப் பித்தளைக் குத்துவிளக்கு. வாசல்ல நின்னே பொங்கி வழிஞ்ச அடுப்பப் பாத்தாரு. "அப்ப நான் எதுக்கு?" விளக்க வாசல்லயே வச்சிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. பச்சத்தண்ணி குடிக்கல. அன்னியிலருந்து அவரும் பேசல, நானும் பேசல. நான் ஏன் பேசணும்? லேட்டா வந்தது யாரு?

சரி, விசயத்துக்கு வாரேன். நடையில நிக்கிறேன். யாரும் சாகல, கத்தி பட்டு மீசை போச்சுன்னு கத்துறேன். ஒருத்தரும் கேக்கல. "துக்கத்துல பித்துப் பிடிச்சுருச்சு"ங்கிறாங்க. இத்தன பேரு அழுகுறதப் பாத்ததும், ஏட்டையா, பொய் சொல்லல, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒருவேளை நெசமாவே ஏதாவது ஆகி, எனக்கு மட்டும் சொல்லலையோ? இல்ல, உசிரோட இருக்கிற மனுசனுக்கு மீசைய எடுத்து நானே வினைய இழுத்து விட்டுட்டேனோ? போன எடுத்தேன். அவரு நம்பர் எனக்கு மனப்பாடம். விரல் போகல. அஞ்சு வருசமாப் போகாத விரல். அவரு குரலக் கேட்டாப் போதும்னு இருந்துச்சு. அய்யா, எடுத்துருங்கய்யா, திட்டவாவது செய்ங்கய்யான்னு மனசுக்குள்ள கும்புட்டுக்கிட்டு பட்டன அமுக்குறேன், வாசல்ல ஒரு போன் மணி அடிக்குது. சேர் வரிசைக்குப் பின்னாடி, கேட்டுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறாரு எங்கய்யா.

எப்பருந்து நிக்கிறாருன்னு தெரியல. அத்தை அந்தப் பக்கம் முதுகக் காட்டி, "நேரம் தவறாம வண்டி ஓட்டுன என் ராசா, ஒரு கோழிக்குஞ்சக் கூட ஏத்தாத என் மகராசா"ன்னு பாடிக்கிட்டிருக்கு. அவரு தலைய ஆட்டி ஆட்டிக் கேக்குறாரு. பாட்டு முடியிற வரைக்கும் பொறுமையா நின்னுட்டு, "நல்லா அழுத சின்னத்தாயி. குத்தாலத்து மலையில பிரேக் இல்லாம வண்டிய எறக்குனேனே, அத விட்டுட்டியே"ங்கிறாரு.

அத்தை திரும்பிப் பாத்துச்சு. அது போட்ட கூப்பாட்டுல நாலு சேரு கவுந்துச்சு. மூக்கையா மாலைய முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சாரு.

நடந்தது என்னன்னா, யாரோ துக்கம் விசாரிக்கச் சாத்தூர் வீட்டுக்குப் போன் போட்டிருக்கான். எங்கய்யாவே எடுத்திருக்காரு. சீனிச்சாமி அய்யா எப்பத் தவறுனாருன்னு கேட்டிருக்கான். எனக்கே தெரியலயேப்பா, யாரு சொன்னான்னு கேட்டிருக்காரு. உங்க மகன் மீசைய எடுத்துட்டாருன்னு சொல்லியிருக்கான். அடுத்த பஸ்ஸு. இந்தத் தடவை லேட்டாகல.

கூட்டம் வழி விட்டுச்சு. வந்தாரு. என் மேலுதட்டப் பாத்தாரு. நான் தரையப் பாத்தேன். அப்பக் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. அத்தன பேருக்கு முன்னாடி, அடித் தொண்டையில. "பாலும் நான் வாரதுக்கு முன்னாடி. மீசையும் நான் போறதுக்கு முன்னாடி. எதுக்குமே எனக்காகக் காத்திருக்க மாட்டியாடா?"

கத்தியக் கொண்டு வந்து காட்டுனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. என் தாடையில இருக்கிற வெட்டெல்லாம் பாத்தாரு. "கோழி கிண்டுன குப்பை மாதிரி வச்சிருக்கான். இவனுக்கு எதுக்கு இந்த வேலை? இதுக்கெல்லாம் கை நிதானம் வேணும்"னாரு.

சகலை சொன்ன அதே வார்த்தை! எனக்கு வந்துச்சே கோவம். "உக்காருங்க, பண்ணிக் காட்டுறேன்"னேன். வாய் தவறிச் சொல்லிட்டேன். அஞ்சு வருசத்துல அவருகிட்ட நான் சொன்ன மொத வார்த்தை அது. அவரு விடுவாரா? துண்ட உதறித் தோள்ல போட்டு, வாடகைச் சேர்ல உக்காந்து, கழுத்த அண்ணாந்து காட்டிட்டாரு. "செத்தவனுக்கு என்னடா வலிக்கப் போகுது, பண்ணு. ஆனா மீசையத் தொட்டே, தொலைச்சுப்புடுவேன். நீ எடுத்தது உன் மீசை, இது என் மீசை."

துக்கத்துக்கு வந்த சனமெல்லாம் சுத்தி நிக்குது. தண்ணி கொண்டாந்தாங்க. நுரை போட்டேன். நாலு நாள் தாடி, வெள்ளை வெளேர்னு. கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி இப்படி ஒட்டலையேன்னு நெனச்சுக்கிட்டேன். கத்தியத் தொண்டைக்கிட்ட வைக்கிறேன். ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சுன்னா முடிஞ்சுது. எந்திரிச்சுப் போயிருவாரு. அப்புறம் நெசமாவே நான் மீசைய எடுக்கிற நாள் வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாரு. அது எனக்கு நல்லாத் தெரியும். வெள்ளைக்காரன நெனச்சுக்கிட்டேன், பூசணிக்காய நெனச்சுக்கிட்டேன், என் வாழ்க்கையில இல்லாத நிதானமா ஒரு இழுப்பு இழுத்தேன்.

அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன். கத்தி தொண்டையில இருக்கிற வரைக்கும் எங்கய்யாவால வாயத் தெறக்க முடியாது! நாப்பத்தாறு வயசுல, அவரு குறுக்க பேசாம நான் பேசக் கெடச்ச மொத சந்தர்ப்பம் ஏட்டையா. விடுவேனா? கத்திய இழுத்துக்கிட்டே சொன்னேன், "அய்யா, அன்னிக்கு நல்ல நேரம் முடியப் போகுதுன்னு எல்லாரும் நெருக்கிட்டாங்க."

துண்டுல துடைக்கக் கத்திய எடுத்தேன். உடனே அவரு, "ஒரு போன் பண்ணிருக்கலாம்."

கத்திய வச்சேன். "பண்ணேன். நீங்க எடுக்கல."

எடுத்தேன். அவரு பேசல. துடைச்சு முடிச்சும் பேசல. திரும்பக் கன்னத்துல வச்சேன். "ஏன்யா எடுக்கல? பஸ் லேட்டுன்னா சொல்லியிருந்தா அடுப்பப் பத்த வச்சிருப்பனா?" ரெண்டு இழுப்பு. எடுத்துத் துடைச்சேன். கண்ண மூடிக்கிட்டுச் சொன்னாரு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. "பஸ் லேட்டில்லடா. தூங்கிட்டேன்."

எனக்குப் புரியல. அவரே சொன்னாரு, "மகன் வீடு கட்டிட்டான்னு முந்தின ராத்திரி பூராத் தூக்கம் இல்ல. ஏறி உக்காந்ததும் கண்ணு அசந்துருச்சு. முழிச்சுப் பாத்தா மதுரையத் தாண்டித் திண்டுக்கல். முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன், எறங்க வேண்டிய ஊரத் தாண்டிப் போயிட்டேன்னு அத்தன பேரு முன்னாடி எப்படிடா சொல்லுவேன்?"

ஏட்டையா, எனக்குச் சிரிப்பு வருது. கத்தி அவரு தொண்டையில. சிரிச்சா ஆளு காலி. அழுகையும் வருது, அழுதாலும் காலி. கைய ஆட்டாம, மூச்ச அடக்கி, அப்படியே நிக்கிறேன். கடைசி இழுப்பு வரைக்கும் ஒரு கீறல் இல்ல. சனம் கைதட்டுச்சு. சின்னத்தாயி அத்தை தலைமுடிய முடிஞ்சுக்கிட்டு, "எங்கண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருக்காரு"ன்னுச்சு.

அந்த நேரம் பாத்து தமயந்தி வந்தா. சேரப் பாத்தா, மாலையப் பாத்தா, மாமனாரப் பாத்தா. நேரா உள்ள போய் எல்லாருக்கும் காப்பிக்குப் பால அடுப்புல ஏத்திட்டு, சன்னல் வழியா எங்களையே பாத்துக்கிட்டு நின்னுட்டா. எங்கய்யாதான் மூக்க உறிஞ்சிட்டு, "ஏத்தா, பால் பொங்குது பாரு"ன்னாரு. சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போனாரு. வீட்டுக்குள்ள அவரு கால் வச்சது அன்னிக்குத்தான். பொங்கி வழியிறத நின்னு பாத்தாரு. தமயந்தி அணைக்கல, அவரு பாத்து முடிக்கட்டும்னு விட்டுட்டா. அப்புறம் அந்தக் குத்துவிளக்கு எங்கன்னு கேட்டாரு. பூசை அறையில இருந்துச்சு. நான்தான் தினம் துடைச்சு வச்சிருந்தேன். பித்தளை கறுத்துரும்னு துடைக்கிறது, வேற ஒண்ணும் இல்ல.

அதுலருந்து மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை சாத்தூர் போயிருவேன். நாங்க ராசியாயிட்டோம்னு நெனைக்காதீங்க. இப்பவும் நானும் அவரும் பேசுறதில்ல. போன உடனே நுரை போட்டுருவேன். கத்திய வச்சா நான் சொல்லுவேன், எடுத்தா அவரு சொல்லுவாரு. கடை, மழை, தங்கச்சி பிள்ளைங்க படிப்பு, எங்கம்மா கதை, எல்லாம் அதுக்குள்ளயே ஓடிரும். மூஞ்சியக் கழுவிட்டாருன்னா அவரு பாட்டுக்கு டி.வி., நான் பாட்டுக்கு சேவுப் பொட்டலம் வாங்கிட்டு பஸ்ஸோ ரயிலோ. அம்புட்டுத்தான் எங்களுக்குள்ள. என்ன ஒண்ணு, முன்னாடியெல்லாம் அஞ்சு நிமிசத்துல முடிஞ்ச சவரம் இப்ப ஒரு மணி நேரம் ஆகுது. அவருக்கு அப்பப்ப நுரை காஞ்சு போகுது. திரும்பப் போடுங்கிறாரு. வழிச்ச எடத்தையே வழிக்கச் சொல்றாரு. வயசாயிருச்சுல்ல, தெரியல அவருக்கு.

தங்கச்சி ஒண்ணு சொல்லுது. அதையும் சொல்லிருறேன். அவங்க தெருமுனையிலயே சலூன் இருக்காம். மத்த வாரமெல்லாம் அங்க போய் ஜம்முனு பண்ணிக்கிறாராம். நான் வர்ற வாரம் மட்டும் தாடிய விட்டுட்டு உக்காந்திருக்காராம். சோம்பேறித்தனம். வீட்டுக்கே ஆளு வருதுன்னா யாரு நடப்பா?

சகலையா? அவரு வந்துட்டுப் போயிட்டாரு. அவருக்குக் காட்டவே மறந்துட்டேன்.

வண்டி அறிவிச்சுட்டாங்க ஏட்டையா. என்ன பண்ணலாம்? எங்கய்யாவுக்குப் போன் போட்டுக் கேக்கணுமா? தாராளமாக் கேளுங்க, நம்பர் சொல்றேன். ஸ்பீக்கர்ல போடுங்க. போன மட்டும் என்கிட்டக் குடுத்துராதீங்க, நாங்க போன்ல பேசுறதில்ல. ரிங் போகுதா? எடுத்துட்டாரா? ஆங், அதான் அவரு குரல். கேளுங்க... என்னங்கய்யா, கத்திய வாங்கி வச்சுக்கிட்டு ஆள மட்டும் அனுப்பட்டுமான்னா கேக்குறீங்க? சரி, என்னதான் சொல்றாருன்னு பாப்போம்.

கேட்டீங்களா? கேட்டீங்களா ஏட்டையா? "கத்தியில்லாம அவன் வந்தா நாங்க என்னத்தய்யா பேசுறது"ங்கிறாரு! மகன் ரயில் ஏற முடியாம நிக்கிறானேன்னு ஒரு வார்த்தை உண்டா? அவருக்குச் சவரம்தான் முக்கியம். இந்த மனுசனுக்காக நான் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம்...

இருங்க, இருங்க, இன்னும் ஏதோ சொல்றாரு. சத்தத்தக் கூட்டுங்க.

என்ன சொன்னாரு? "ஒண்ணும் அவசரமில்ல, நல்லா விசாரிச்சே அனுப்புங்க. இந்த வண்டி போனா அடுத்த வண்டி. நான் காத்திருக்கேன்"னா சொன்னாரு?

எங்கய்யாவா?

குடுக்குறீங்களா ஏட்டையா? ரொம்ப நல்லாருப்பீங்க. பாத்து, மடக்கிக் குடுங்க, விரலு. வண்டி வந்துருச்சுதான். தெரியுது. ஓட மாட்டேன். பையில கத்தி இருக்கு, மெதுவா நடந்தே போறேன்.